ஒரு பிடி மண்ணில் கிடைத்த மருந்து



முதல் மழை பெய்ததும் மண்வாசனை வருதே, அது எதனால்னு யோசிச்சிருக்கோமா? மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா வகைதான் அதற்கு முக்கியக் காரணம். கண்ணுக்கே தெரியாத இந்த உயிர்களில் ஒன்று, பல நாட்டு ஏழை மக்களின் கண்பார்வையைக் காப்பாற்றியிருக்கிறது.

ஜப்பான் நாட்டு விஞ்ஞானி சதோஷி ஓமுரா விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பல இடங்களில் மண் எடுத்து வந்து, அதிலுள்ள கிருமிகளை வளர்த்து ஆராய்ந்தார். 1970-களில் கவானா என்ற இடத்தில், ஒரு கோல்ஃப் மைதானத்தின் பக்கத்தில் எடுத்த மண்ணில் ஒரு புது பாக்டீரியா கிடைத்தது. அமெரிக்காவில் வில்லியம் கேம்பல் குழுவினர் அதைப் புழு உள்ள எலிகளிடம் சோதித்தார்கள். புழுக்கள் செத்தன! அதிலிருந்து உருவானதுதான் ஐவர்மெக்டின். முதலில் கால்நடைகளுக்கும், 1987 முதல் மனிதர்களுக்கும் பயன்பட்டது. 2015-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆப்பிரிக்காவில் ஆற்றோரம் உள்ள ஒருவகை ஈ கடித்தால் உடம்பில் புழு சேரும். அதன் குஞ்சுகள் கண்ணுக்குள் போய்ப் பார்வையைப் பறிக்கும். இந்த மருந்து குஞ்சுகளைத்தான் கொல்லும். பெரிய புழு சாகாது. அதனால் வருடா வருடம் சாப்பிடணும். இதற்கு மருந்தை 1987-லேயே இலவசமாகத் தர கம்பெனி முன்வந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு கொண்டு போனது யார்? ஊர் மக்களே தேர்ந்தெடுத்த தொண்டர்கள்! ஒரு கம்பால் உயரத்தை அளந்து, அதற்கேற்ப மாத்திரை கொடுத்தார்கள். 2025-ல் நைஜர் நாடு இந்த நோய் ஒழிந்த முதல் ஆப்பிரிக்க நாடானது.

நம் நாட்டிலும் யானைக்கால் நோய் உள்ள சில மாவட்டங்களில் வேறு இரண்டு மருந்துகளோடு இதைத் தருகிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது:

* ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாங்கிய மருந்தை "அதே மருந்துதானே" என்று மனிதர்கள் சாப்பிடவே கூடாது. அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து.
* கால்நடைக்கு ஊசி போட்டால், எத்தனை நாள் பாலைக் குடிக்கவோ விற்கவோ கூடாது, எத்தனை நாள் கறிக்குக் கொடுக்கக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டுக்கணும்.
* வீட்டுக்கு வந்து மாத்திரை தரும்போது கர்ப்பமா இருந்தால், பால் கொடுத்துக்கிட்டு இருந்தால் மறைக்காமல் சொல்லணும்.

மருந்தைத் தந்தது மண். அதைச் சரியான அளவில் கொண்டு சேர்த்தது ஊர். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுவோமா?