கேட்டோர் வியந்த பியானோ

சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், 2019ஆம் ஆண்டு ஒளிபரப்பான அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்தான். அவன் தேர்ந்தது, உருசிய இசைப்புலவர் ரிம்ஸ்கி கோர்சகோவ் 1900இல் அரங்கேறிய தம் இசை நாடகத்திற்கு இயற்றிய ‘வண்டின் பறத்தல்’. வண்டுருக் கொண்ட இளவரசன் பறப்பதைக் காட்டும் இசை அது. முதற்கண் நிமிடத்திற்கு 208 தாளத்தட்டு என்னும் விரைவில் வாசித்தான். வண்டின் முரற்சி செவியில் தெளிவாய்ப் படிந்தது, அவையோர் மகிழ்ந்தனர். பின்னர் அதனையே 325 தட்டு விரைவில் வாசித்தான். விரல்களைக் கண்கள் தொடர இயலவில்லை. அவையோர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். செவியினும் கண்ணே அப்போது மிகுதியாய் வியந்தது எனலாம். இசையின் நயம் முதல் வாசிப்பிலேதான் இருந்தது. அப்போட்டியின் பத்து இலட்சம் டாலர் பரிசும் இறுதியில் அவனுக்கே கிடைத்தது.