பழைய நிரலும் புதிய மொழியும்

நுழையும்முன்
எழுத்து மாறலாம், எழுதப்பட்ட கணக்கு பிறழலாமா? கல்வெட்டைப் படியெடுப்போருக்கும் வங்கிக் கணினியைப் புதுப்பிப்போருக்கும் பொதுவான வினா இது.

மதுரையை அடுத்த கீழக்குயில்குடியில் சமணர் மலை அமைந்துள்ளது. அங்குள்ள செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளைக் காணலாம். பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சி நிலைபெற்ற பின், வட்டெழுத்தின் இடத்தைத் தமிழெழுத்து படிப்படியாகப் பெற்றது. எழுத்து மாறியது; மொழி மாறவில்லை. நிலக்கொடை ஒன்றைப் புதிய எழுத்தில் படியெடுப்பவர், அதன் எல்லையையும் அளவையும் பிறழாமல் காத்தல் வேண்டும்.

மெயின்ஃபிரேம் எனப்படும் பெருங்கணினிகளை நம்பியுள்ள நிறுவனங்களுக்கும் இப்பொறுப்பு உண்டு. 1964இல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. அதன் வழிவந்த 370/155 கணினி, 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்டது. அம்மரபின் இன்றைய கணினிகளிலும், பல்லாண்டுகளுக்கு முன் கோபோல் மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் இயங்குகின்றன.

அவற்றை மாற்றத் தயங்குவது ஏன்? கோபோல், வணிகக் கணக்குக்கெனவே உருவான மொழி. பைசாவைப் பதின்ம எண்ணாகவே கணக்கிட வல்லது. புதிய மொழிகள் பலவற்றில் பின்னங்கள் இயல்பாக இரும முறையில் சேமிக்கப்படுகின்றன. அம்முறையில் 0.1 என்னும் எளிய எண்கூடத் துல்லியமாக அடங்காது. அம்மொழிகளிலும் பதின்மக் கணக்குக்குத் தனிவழி உண்டு. அதனை அறிந்து கையாளுதல் வேண்டும். மேலும், வட்டி விதிகளும் விதிவிலக்குகளும் பழைய நிரலுக்குள்ளேயே பொதிந்துள்ளன. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாறியபோது, 19 இலட்சம் வாடிக்கையாளர்கள் வரை தம் கணக்கை அணுக இயலாது தவித்தனர்.

எனினும், தயக்கம் மறுப்பாகாது. 1990களின் பிற்பகுதியில் ஜாவாவும், 2000இல் லினக்ஸும், பின்னர்ப் பைத்தானும் பெருங்கணினியில் இடம்பெற்றன. கைப்பேசிச் செயலி புதிய மொழியில் இயங்க, கணக்கில் பணத்தைக் கழிக்கும் பணியைக் கோபோல் செய்வதுண்டு. ஒரு பகுதியை மாற்றும்போது, பழைய நிரலையும் புதிய நிரலையும் இணையாக இயக்கி, விடைகள் ஒத்திருப்பதை உறுதிசெய்த பின்னரே பழையதை நிறுத்துதல் நன்று.

காலம் தாழ்த்துவதிலும் இடர் உண்டு. வட்டெழுத்தைப் படிக்க இன்று தனிப்பயிற்சி தேவை. கோபோலுக்கும் அந்நிலை வருமுன், இரண்டையும் படிக்கத் தெரிந்தோர் நம்மிடையே உள்ளபோதே, படியெடுக்கும் பணி நடைபெறல் வேண்டும்.

கற்பவை கற்றபின்
1. பழைய நிரலை மாற்றத் தயங்குவதற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. உம் ஊர்க் கூட்டுறவு வங்கியின் கையேட்டுப் பேரேடு கணினிக்கு மாற்றப்படுவதாகக் கொள்க. பிழை நேராதிருக்க நீவிர் செய்யும் சோதனைகள் யாவை? வகுப்பில் கலந்துரையாடுக.