வங்கிச் சேமிப்பும் வாரிசுரிமையும்

இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த சூரியநெல்லி, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலைப்பகுதியாகும். இங்கு உழைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மலைக்கு அப்பால் தமிழகத்திலும் உறவினர் உண்டு. இத்தகைய குடும்பத்தில் பொருளீட்டுபவர் இறந்துவிடின், அவருடைய வங்கிச் சேமிப்பு யாரைச் சேரும்? இவ்வினாவில் இரு வேறு உரிமைகள் அடங்கியுள்ளன. வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை ஒன்று. அதனை உடைமையாகக் கொள்ளும் உரிமை மற்றொன்று.

தனிக் கணக்கு

தனிக் கணக்கு வைத்திருப்பவர், தமக்குப் பின் பணத்தைப் பெறுவதற்கு ஒருவரை நியமிக்கலாம். 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் இதற்கான 45-இசட்-ஏ பிரிவு 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகச் சேர்க்கப்பட்டது. நியமனதாரரிடம் பணத்தை அளித்தவுடன் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. ஆயினும் அவர் உரிமையாளராகிவிடுவதில்லை. வாரிசுகளின் பொருட்டே அதனைப் பெறுகிறார். உச்சநீதிமன்றம் 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் இதனைத் தெளிவுபடுத்தியது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தோட்டத் தொழிலாளி ஒருவர் 1,20,000 ரூபாய் சேமித்து, தம்பியை நியமித்துவிட்டு, உயில் எழுதாமல் இறந்தார் எனக் கொள்வோம். அவருக்குத் தாய், மனைவி, இரு மக்கள் உள்ளனர். அவர் இந்துவாயின், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் தலா 30,000 ரூபாய் உரியது. கிறித்தவராயின், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றிலொரு பங்கும், எஞ்சியது மக்களுக்கும் சேரும், தாய்க்குப் பங்கில்லை. தம்பி பெறும் பணம் எந்நிலையிலும் அவருடையதன்று. அவர் தர மறுத்தால், வாரிசுகள் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும்.

கூட்டுக் கணக்கு

'இருவருள் எவரேனும் அல்லது உயிருடன் இருப்பவர்' என்னும் கூட்டுக் கணக்கில், ஒருவர் இறந்தபின் மற்றவரிடம் வங்கி பணத்தை அளிக்கும். நீதிமன்றத் தடையாணை இல்லாதவரை, இதற்கு வாரிசுரிமைச் சான்றிதழைக் கோரத் தேவையில்லை. நியமனதாரரின் உரிமையோ கணக்கினர் அனைவரும் இறந்த பின்னரே எழும்.

எனினும் இவ்வாசகம் மட்டுமே உடைமையுரிமையை வழங்கிவிடாது. கணவன் தன் பணத்தைத் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் வைப்பாக வைத்திருந்த குரன் தித்தா வழக்கில், நன்கொடையாக அளிக்கும் எண்ணம் மெய்ப்பிக்கப்படாததால், அப்பணம் கணவனுடையதே எனப் பிரிவி கவுன்சில் 1928இல் தீர்ப்பளித்தது.

செய்யத்தக்கன

2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்கலாம். ஒவ்வொருவருக்கும் உரிய விழுக்காட்டையும் குறிப்பிடலாம். திருமணத்திற்கு முன் செய்த நியமனத்தைப் பின்னர் மறுபரிசீலனை செய்தல் நன்று. மனைவி தாமதமின்றிப் பணம் பெற வேண்டுமெனில் நியமனமோ கூட்டுக் கணக்கோ உதவும். அப்பணம் முழுவதும் அவருக்கே உரியதாக வேண்டுமெனில், முறைப்படி எழுதப்பட்ட உயிலும் இன்றியமையாதது.