நர்ஸின் கையெழுத்து எதுவரை செல்லும்?

தாராவியிலிருந்து சயான் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான். ஆனாலும் ரத்த அழுத்த மாத்திரைக்குப் புதுச் சீட்டு வாங்க வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. 'அதே மாத்திரைதானே, நர்ஸம்மாவே எழுதித் தரக்கூடாதா?' என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. நம் சங்கக் குடும்பங்களிலும் நர்ஸ் வேலை பார்க்கும் பெண்கள் பலர் இருப்பதால் சட்டம் சொல்வதைச் சற்றுப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 1965இல் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'நர்ஸ் பிராக்டிஷனர்' பயிற்சியைத் தொடங்கினார்கள். இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இவர்கள் தாமே பரிசோதித்து மருந்து எழுதலாம். மற்றவற்றில் ஒரு டாக்டருடன் எழுத்து மூலம் ஒப்பந்தமோ, அவரது மேற்பார்வையோ வேண்டும். மாநில எல்லையைத் தாண்டினால் அதே நர்ஸின் அதிகாரம் மாறிவிடுகிறது!

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, 'சமூக சுகாதார வழங்குநர்' என்பவருக்கு வரையறுத்த உரிமம் தர இடமளிக்கிறது. நவீன மருத்துவத் தொழிலோடு தொடர்புடையவராக இருக்கவேண்டும். எண்ணிக்கை, பதிவு பெற்ற டாக்டர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஆரம்ப சிகிச்சையிலும் நோய்த் தடுப்பிலும் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுதலாம்; மற்றவற்றில் டாக்டரின் மேற்பார்வையில் மட்டுமே. அரைகுறை வைத்தியத்துக்கு வழி திறக்கிறது என்று இந்திய மருத்துவ சங்கம் அந்த ஜூலை 31இல் வேலைநிறுத்தமே நடத்தியது.

அவர்கள் அச்சத்தை நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. 'மேற்பார்வை' என்றால் பக்கத்தில் நிற்பதா, போனில் சொல்வதா என்று அந்தப் பிரிவு விளக்கவில்லை. நான் டிப்ளமோக்காரன். தண்டவாளத்தில் கோளாறு கண்டால் வண்டியின் வேகத்தைக் குறைக்க நானே உத்தரவிடலாம். பாலத்தின் வரைபடத்தை மாற்ற மேலதிகாரியின் கையொப்பம் வேண்டும். எது எவருடையது என்பது எழுத்தில் இருந்தது, அதனால் தகராறு வரவில்லை.

2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் துணை நிலையங்களில் இது ஓரளவு ஒழுங்காக இருக்கிறது. அங்கே நர்ஸிங் படித்துத் தனிப் பயிற்சியும் பெற்ற அதிகாரிகள் உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு டாக்டர் மருந்தைத் தொடங்கிவைக்கிறார். மாதாமாதம் தருவதும் கண்காணிப்பதும் இவர்கள். சந்தேகம் வந்தால் தொலைபேசி வழியே டாக்டரைக் கேட்கிறார்கள். தாராவிச் சந்துகளுக்கும் இதுவே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

அதுவரை, தனியார் நர்ஸிங் ஹோமில் வேலை பார்க்கும் நம் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். 'டாக்டர் போனில் சொன்னார்' என்று மருந்து கொடுக்க நேர்ந்தால், நேரத்தோடு கேஸ் பேப்பரில் குறித்து, அவர் வந்தவுடன் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.