இடக்கையில் உயிர், வலக்கையில் மெய்
அலுவலகப் பணிக்குப் பிளவு விசைப்பலகை தேர்ந்தெடுக்கும் முறை

பள்ளி அலுவலகத்தில் பேனாவைவிட விசைப்பலகைதான் இப்போது அதிகம் உழைக்கிறது. வருகைப் பதிவு, மாற்றுச் சான்றிதழ், நலத்திட்டப் பட்டியல், எமிஸ் பதிவேற்றம், உயர் அலுவலர்களுக்கான கடிதம் எல்லாமே கணினி வழியாகத்தான் போகின்றன. உத்திரமேரூர் வட்டாரத்தில் ராஜகுளத்தில் பணியாற்றும் நான், கணினியில் கைபழகிய காரணத்தால், சக ஆசிரியர்களின் தட்டச்சு ஐயங்களுக்கு விடை சொல்லும் இடத்தில் இருக்கிறேன். அண்மைக் காலமாக அதிகம் வரும் கேள்வி இது: “மணிக்கட்டு வலிக்கிறது சார், இரண்டாகப் பிரிந்த கீபோர்டு வாங்கலாமா?”

வாங்கலாம். ஆனால் நம் வேலையில் பெரும்பகுதி தமிழில் நடக்கிறது. கடைகளும் விளம்பரங்களும் சொல்லும் தேர்வு முறை ஆங்கிலத் தட்டச்சை மனத்தில் வைத்தது. தமிழில் எந்த எழுத்தை எந்தக் கை அடிக்கிறது என்பதை அறிந்த பிறகு தேர்ந்தெடுத்தால்தான் செலவிட்ட பணம் பயன் தரும்.

வலி எங்கிருந்து வருகிறது?

நேரான விசைப்பலகையில் இரு கைகளும் நெஞ்சுக்கு நேராக நெருங்கி வருகின்றன. அப்போது மூன்று வளைவுகள் ஏற்படுகின்றன. முதலாவது, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக ஒடிந்து நிற்கிறது. இரண்டாவது, உள்ளங்கை முழுவதும் தரையைப் பார்க்கும்படி முன்கை முறுக்கிக்கொள்கிறது. மூன்றாவது, மேசை உயரமாக இருந்தால் கை மேல்நோக்கி மடங்குகிறது. விசைப்பலகையின் பின்புறக் கால்களை நிமிர்த்தி வைத்தால் இந்த மூன்றாவது வளைவு இன்னும் கூடும். அந்தக் கால்களை இன்றே மடக்கி வைக்கலாம்; செலவு எதுவும் இல்லை.

விசைப்பலகையை இரண்டாகப் பிரிக்கும் எண்ணம் புதியதன்று. 1926-இலேயே ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் என்பவர் தட்டச்சுப் பொறிக்கு இதைப் பரிந்துரைத்தார். 1972-இல் குரோமர் என்ற ஆய்வாளர் பிரித்துச் சாய்த்த விசைப்பலகை பற்றிய தம் சோதனைகளை வெளியிட்டார். 1994-இல் மைக்ரோசாஃப்டின் ‘நேச்சுரல்’ விசைப்பலகை வந்தபின் இந்த வடிவம் பொதுமக்களிடம் பரவியது. அது ஒரே துண்டாக, நடுவில் வளைந்து பிரிந்திருந்தது. இன்று இரு பாதிகளும் தனித்தனியே நிற்கும் விசைப்பலகைகள் கிடைக்கின்றன.

பிரித்து வைத்தால் முதல் வளைவு குறைகிறது. இரு பாதிகளின் உள்விளிம்பையும் கூரைபோல் சற்று உயர்த்தினால் இரண்டாவது குறைகிறது. மூன்றாவதைக் குறைப்பது மேசை, நாற்காலியின் உயரம்தான். பிளவு விசைப்பலகை மணிக்கட்டை நேராக்க உதவும். அது மட்டுமே வலியைத் தீர்க்கும் மருந்து என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

தமிழ்99: ஏற்கெனவே பிரிந்திருக்கும் அமைப்பு

தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்த முன்னோடி, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணியாற்றிய ஆர். முத்தையா. 247 எழுத்துகளை ஒரு பொறியின் சில வரிசை விசைகளுக்குள் அடக்குவது அவர் முன் இருந்த சவால். அந்த மரபில் வந்த தட்டச்சுப் பாடம் ‘யளனக’ என்று தொடங்கும். பயிற்சி நிலையத்துக்குப் போன மூத்த ஆசிரியர்களுக்கு அது இன்றும் விரலில் இருக்கும். அந்த அமைப்பில் மெய்கள் இரு கைகளுக்கும் பகிரப்பட்டிருக்கின்றன.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பு வேறு வகை. அதில் இடக்கைப் பகுதியில் பன்னிரண்டு உயிர்களும் ஆய்தமும் இருக்கின்றன. பதினெட்டு மெய்களில் பதினாறு வலக்கைப் பகுதியில் இருக்கின்றன. வ, ங ஆகிய இரண்டு மட்டும் இடப்பக்கக் கீழ் வரிசைக்கு வந்திருக்கின்றன. ஆங்கில விசைப்பலகையைத் தட்டச்சு முறைப்படி எந்த இடத்தில் பிளக்கிறார்களோ, ஏறத்தாழ அதே இடத்தில் தமிழின் உயிரும் மெய்யும் பிரிகின்றன.

‘ஆசிரியர்’ என்று அடித்துப் பாருங்கள். ஆ, ச, இ, ர, இ, ய, ர, புள்ளி என எட்டு அழுத்தல்கள். இட, வல, இட, வல, இட, வல, வல, இட என்று கைகள் மாறி மாறி வேலை செய்கின்றன. ஒரு கை அடிக்கும்போது மற்றது ஓய்வெடுத்து அடுத்த விசைக்குத் தயாராகிறது.

இன்னொரு சிக்கனமும் இதில் உண்டு. மெய் விசையை அழுத்தினால் அகரம் ஏறியே வருகிறது. ஆகவே ‘படம்’ என்பதற்கு ப, ட, ம, புள்ளி என நான்கு அழுத்தல்கள் போதும். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் ஐந்து வேண்டும். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானாக வரும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய இன இணைகளிலும் அப்படியே. நாள் முழுவதும் தமிழில் அடிப்பவருக்கு இந்தச் சிறு மிச்சங்கள் விரலின் உழைப்பைக் குறைக்கும்.

விண்டோஸின் புதிய பதிப்புகளில் மொழி அமைப்பிலேயே தமிழ்99 இருக்கிறது. பழைய கணினிக்கு இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. விசைப்பலகை கணினிக்கு அனுப்புவது எந்த விசை அழுத்தப்பட்டது என்ற செய்தியை மட்டுமே. அதைத் தமிழ் எழுத்தாக்குவது மென்பொருள். ஆகவே ‘தமிழ் கீபோர்டு’ என்று தனியாகத் தேடி அலைய வேண்டியதில்லை.

வலச் சுண்டுவிரலைக் கவனியுங்கள்

தமிழ்99-இல் ஒரு சுமையும் இருக்கிறது. ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறு மெய்களும் வலச் சுண்டுவிரலின் பொறுப்பு. போதாக்குறைக்கு என்டர், பேக்ஸ்பேஸ், வலது ஷிஃப்ட் ஆகியவையும் அதனிடமே. ஆங்கிலம் அடிப்பவரின் வலச் சுண்டுவிரலுக்கு இவ்வளவு வேலை கிடையாது.

சிறிய பிளவு விசைப்பலகைகள் பார்க்க அழகாக இருக்கும். நாற்பது விசைகளைச் சுற்றி மட்டுமே கொண்டவையும் உண்டு. இடத்தை மிச்சப்படுத்த அவற்றில் முதலில் நீக்கப்படுபவை வலக்கோடி விசைகள். அவை ஆங்கிலத்தில் அடைப்புக்குறிகள், எப்போதாவதுதான் தேவைப்படும். தமிழ்99-இலோ அந்த இரண்டு விசைகள்தாம் ச, ஞ! அவை இல்லாத விசைப்பலகையில் நம் மாவட்டத்தின் பெயரைக்கூட நேராக அடிக்க முடியாது.

மூன்று ஊர்ச் சோதனை

எந்த விசைப்பலகையாக இருந்தாலும் கீழ்க்கண்ட மூன்று பெயர்களை அடித்துப் பார்க்கச் சொல்கிறேன். கடையில் கையால் தொட்டுப் பார்க்க வழியில்லை என்றால், படத்தைப் பார்த்தாவது விசைகளைத் தேடுங்கள்.

1. உத்திரமேரூர்: பதினொரு அழுத்தல்கள். வலக்கைக்கு ஆறு, இடக்கைக்கு ஐந்து. கைகள் மாறி மாறி இயங்கும் ஓட்டம் இதில் தெரியும்.

2. காஞ்சிபுரம்: பத்து அழுத்தல்கள். ஞ, ச இரண்டும் அடுத்தடுத்து வலச் சுண்டுவிரலில் வருகின்றன. வலக்கோடி விசைகள் இருக்கின்றனவா, கையை நகர்த்தாமல் எட்டுகின்றனவா என்பதை இந்தச் சொல் காட்டிவிடும்.

3. ராஜகுளம்: எட்டு அழுத்தல்கள். ‘ஜ’வுக்கு இடக்கை விசையோடு வலப்பக்க ஷிஃப்ட் வேண்டும். இரு பாதிகளிலும் ஷிஃப்ட் இருக்கிறதா என்பதை அறிய இது உதவும். ‘ள’ வலப் பாதியில் உள்விளிம்பில் இருக்க வேண்டும்.

வாங்கும் முன் இரு வாரப் பயிற்சி

பள்ளியில் இரண்டு யூஎஸ்பி விசைப்பலகைகள் இருந்தால் இரண்டையும் ஒரே விண்டோஸ் கணினியில் செருகுங்கள். இரண்டும் வேலை செய்யும். ஒன்றில் ஷிஃப்டை அழுத்தி மற்றொன்றில் எழுத்தை அடிக்கவும் முடியும். இடப்பக்கம் உள்ளதில் இடக்கையை மட்டும், வலப்பக்கம் உள்ளதில் வலக்கையை மட்டும் வையுங்கள். எண் பகுதி இல்லாத குட்டையான விசைப்பலகைகளாக இருந்தால் நல்லது. முழு அளவு என்றால் கைகள் தேவைக்கு மேல் விலகும். எனவே இருக்கையின் வசதியை இதை வைத்து எடைபோட வேண்டாம்.

இதனால் தெரிவது வேறொன்று. இரண்டு விரல்களால் தேடித்தேடி அடிப்பவர்களின் கைகள் எல்லை தாண்டிப் பழகியவை. ‘ள’வை இடக்கையாலும் ‘ங’வை வலக்கையாலும் அடிக்கும் பழக்கம் இந்தப் பயிற்சியில் உடனே பிடிபடும். தினமும் பதினைந்து நிமிடம், இரு வாரம் போதும். பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவர் இப்படிப் பழகினார். பிளவு விசைப்பலகை வந்தபோது அவர் விரல்களுக்குப் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. இன்னொரு நண்பர், பழக்கம் மாறியதும் வலி தணிந்ததால், இருப்பதே போதும் என்று முடிவு செய்தார். அதுவும் நல்ல முடிவே.

தேர்வின்போது பார்க்க வேண்டியவை

விசை வரிசை: சில பிளவு விசைப்பலகைகளில் வழக்கம்போல் வரிசைகள் சற்று விலகியிருக்கும். சிலவற்றில் விசைகள் விரலுக்கேற்ப நேர் நிரலாக நிற்கும். பல ஆண்டு தட்டச்சுப் பழக்கம் உள்ளவர்களும், பள்ளிக் கணினியையும் வீட்டுக் கணினியையும் மாறிமாறிப் பயன்படுத்துபவர்களும் முதல் வகையை எடுப்பது நல்லது.

விசையின் உள்ளமைப்பு: சாதாரண விசைப்பலகையில் ரப்பர் தகடு அடிவரை அமுங்க வேண்டும். மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங் உண்டு. பாதி தூரம், ஏறக்குறைய 2 மி.மீ. அமுங்கியதுமே எழுத்து பதிவாகும். செர்ரி நிறுவனத்தின் வகைப்பாட்டில் சிவப்பு இலகுவானது. அழுத்தம் 45 சென்டிநியூட்டன். பழுப்பு 55, எழுத்து பதிவாகும் இடம் விரலுக்கு லேசாக உணர்த்தும். நீலம் ‘டக்’ என்று ஒலி எழுப்பும். வகுப்பறைக்கு அடுத்த அறையில் நீலம் வேண்டாம். வலச் சுண்டுவிரலின் சுமையை எண்ணினால் சிவப்போ பழுப்போ ஏற்றது.

கட்டைவிரல் விசைகள்: விசைகளின் பணியை மாற்றியமைக்க இடம் தரும் விசைப்பலகையானால், என்டரையும் பேக்ஸ்பேஸையும் கட்டைவிரலுக்கு மாற்றிவிடலாம். தமிழில் அடிப்பவருக்கு இது பெரிய உதவி.

எண் பகுதி: ஆதார் 12 இலக்கம், கைப்பேசி எண் 10 இலக்கம் என்று நம் பதிவுகளில் எண்கள் அதிகம். பெரும்பாலான பிளவு விசைப்பலகைகளில் எண் பகுதி இல்லை. தனி யூஎஸ்பி எண் பலகை ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு: கிராமத்துப் பள்ளியில் தூசி தவிர்க்க முடியாதது. விசை மூடிகளைக் கழற்றித் துடைக்கவும், பழுதான விசையை மட்டும் மாற்றவும் முடிகிறதா என்று பாருங்கள். பலர் பயன்படுத்தும் அலுவலகத்தில் மின்கலம் தேவைப்படாத, கம்பியுள்ள வகை தொல்லை குறைந்தது.

மேசையும் ஓய்வும்

எந்த விசைப்பலகையும் உயரமான மேசையை வெல்ல முடியாது. முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியில் தலையணை இட்டு உயர்ந்து உட்காருங்கள். கால் தொங்கினால் கீழே பலகை ஒன்றை வையுங்கள். இரு பாதிகளையும் தோள் அகலத்தில் பிரித்து வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவதோ, இரவில் கை மரத்து விழிப்பு வருவதோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு, தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் தள்ளிப்போடவே கூடாது.

வகுப்பறைச் செயல்பாடு

ஆறாம் வகுப்பு எழுத்திலக்கணத்துக்கு இதை அப்படியே பயன்படுத்தலாம். ஒரு கணினி முன் இரு மாணவர்களை அமர்த்துங்கள். இடப்பக்கம் இருப்பவர் ‘உயிர்’, வலப்பக்கம் இருப்பவர் ‘மெய்’. இடப்பக்க விசைகளை ஒருவரும் வலப்பக்க விசைகளை மற்றவரும் மட்டுமே தொட வேண்டும். ‘ஆசிரியர்’, ‘பள்ளி’, ‘உத்திரமேரூர்’ என்று சொற்களைக் கொடுங்கள். ஒருவர் மட்டும் அடித்தால் சொல் நிறைவடையாது. ‘ச’வுக்குப் பின் ‘இ’ வந்தால் ‘சி’ பிறப்பதைத் திரையில் கண்ணால் காண்பார்கள். அடுத்த வகுப்பில் வ, ங இரண்டும் ஏன் ‘உயிர்’ மாணவர் பக்கம் இருக்கின்றன என்று கேளுங்கள். வலப்பக்க விசைகளை எண்ணிப் பார்த்து அவர்களே காரணம் தேடட்டும்.