மூவச்சுப் பொறி

திருப்பூர்ப் பின்னலாடைச் சாலைகள் சிலவற்றில் கத்தி தானே நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஓடித் துணியை வெட்டும். உயரவாக்கும் சேர்ந்தால் அது மூவச்சுப் பொறியாகும். உருகிய பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக இட்டுப் பொருள் செய்யும் அத்தகைய பொறியை எளிதில் அமைக்கும் வழியை, இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்து ஏட்ரியன் போயர் 2005-ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கினார்; வரைபடங்களை விலையின்றி உலகிற்கு வழங்கினார்.

ஒரு சுற்றை 200 படிகளாகச் சுழலும் மோட்டாரில், 2 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள 20 பற்களைக் கொண்ட சக்கரத்தைப் பூட்டினால், வார் படிக்கு 0.2 மில்லிமீட்டர் நகரும். ஆயினும் சட்டம் கோணினால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். எனவே மூலைவிட்டம் இரண்டும் ஒத்துள்ளனவா என நூல் பிடித்து அளத்தல் வேண்டும். கோணிய ஒரு வெட்டு அடுக்கிய துணியனைத்தையும் பாழாக்கும் என்பதைத் திருப்பூர்த் தொழிலாளர் நன்கறிவர். செம்மையான அளவே பொறிக்கு உயிர்.