சிறார்க்குப் புவியியல் கற்பித்தல்

இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருநாமங்களையும் தடையின்றிச் சொல்லும் சிறுமி ஒருத்தி, இல்லத்தார் சம்மேத சிகர்ஜி யாத்திரைக்கு ஆயத்தம் செய்தபோது, “காலையில் பேருந்து ஏறினால் இரவுக்குள் திரும்பிவிடலாமா, பாட்டி?” என்று என்னை வினவினாள். மூன்றாம் வகுப்பு மாணவி. குறை அவளுடையதன்று, பெயரைக் கற்பித்த நாம் இடத்தைக் கற்பிக்கவில்லை.

தொடக்கப் பள்ளியில் புவியியல் என்றால் தலைநகரங்களையும் ஆறுகளையும் மனப்பாடம் செய்விப்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆசிரியப் பயிற்சியில் யாங்கள் கற்ற விதி வேறு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்கும், அண்மையிலிருந்து சேய்மைக்கும் செல்லுதல் வேண்டும். காலையில் குழந்தையைக் கதிரவனை நோக்கி நிறுத்துக. முகத்திற்கு நேரே கிழக்கு. இடக்கைப் பக்கம் வடக்கு. வலக்கைப் பக்கம் தெற்கு. பின்பு வீடு, தெரு, ஜினாலயம், ஏரி ஆகியவற்றைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரையச் செய்க. தன் ஊரை வரைந்த குழந்தைக்கே நாட்டின் வரைபடம் விளங்கும்.

அடுத்து, ஊரை நாட்டுடன் இணைத்தல். போளூரை அடுத்த திருமலையில், பாறையில் செதுக்கப்பெற்ற நேமிநாதரைத் தரிசிக்கும் குழந்தைக்கு, அப்பெருமான் வீடுபேறுற்ற கிர்நார் மலை குஜராத்தில் உள்ளதைக் காட்டுக. படத்தில் இரண்டிடங்களுக்கும் இடையே நூல் பிடித்து, அளவுகோலால் தொலைவைக் கணக்கிடச் செய்க. இருபது தீர்த்தங்கரர் முக்தியடைந்த சம்மேத சிகரம் 1,365 மீட்டர் உயரமுடையது. பழைய படங்களில் அது பீகாரில் இருக்கும். 2000-ஆம் ஆண்டு முதல் ஜார்க்கண்டில் உள்ளது. மலை நகரவில்லை, மனிதர் வகுத்த எல்லையே மாறிற்று என்பதும் ஒரு பாடமன்றோ!

பருவமழைப் பாடத்திற்குச் சாதுர்மாஸமே தக்க சான்று. ஆடி வாக்கில் தொடங்கும் அந்நான்கு மாதங்கள் முனிவர்கள் ஓரிடத்திலேயே தங்குகின்றனர். மழையில் புல்லும் புழுவும் பெருகும். நடந்தால் அவ்வுயிர்கள் மிதிபடும். இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழை தருவது ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று. நம் ஏரிகளோ பெரிதும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையால் நிரம்புகின்றன. இதனை நான் விளக்கியபோது, “அப்படியானால் நம் ஊரில் கார்த்திகையிலும் பார்த்து நடக்க வேண்டுமே, டீச்சர்!” என்றான் ஒரு சிறுவன். அன்று புவியியலும் அகிம்சையும் ஒரே பாடமாயின.

நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தினையும் ஓரறிவுயிர்கள் என்று போதிப்பது நம் அறம். ஏரிக்கு நீர் வரும் வழியை அறியாத குழந்தை, நீருயிர்க்கு இரங்குவது எங்ஙனம்? அறிவு முந்தினால் ஜீவதயை தானே பின்தொடரும்.

எனவே பெற்றோர்களே, அடுத்த யாத்திரைக்குப் புறப்படுமுன் வரைபடத்தைக் குழந்தையின் கையில் கொடுங்கள். நான் குறிப்பிட்ட சிறுமி விரலால் வழியைத் தொட்டுக்கொண்டே சென்று, “ஆந்திரம், ஒடிசா, ஜார்க்கண்ட், மூன்று எல்லைகளைக் கடக்க வேண்டும், பாட்டி. இரவுக்குள் திரும்ப முடியாது” என்றாள். வினவியவளே விடையும் கண்டாள்.